லைன்வீட்டைச் சுத்தி சோலார் வேலி வேணுமா? வால்பாறை ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்க

நடுமலை_பையன் | வியாழன் இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

நான் வால்பாறையில ஒரு டீ எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளிங்க வரிசைவீட்டுல, பொறந்தவன். பத்து வருஷமா திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். எங்க செட்டுல பாதிப் பேர் இங்கதான். அப்பா ரிட்டையர் ஆயிட்டார், அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. அதனால வீடு மேலதான்.

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க லைனுக்கு ஆறு யானை வந்துச்சு, ரெண்டு குட்டியோட. கடைசி வீட்டு அடுப்படிச் சுவரைத் தள்ளிட்டு ரேஷன் அரிசி மூட்டையை இழுத்துப் போட்டுத் தின்னுட்டுப் போயிடுச்சு. அந்த வீட்டு அக்காவும் பிள்ளைகளும் முன்வாசல் வழியா ஓடித் தப்பிச்சாங்க. ஆளுக்குச் சேதம் இல்ல, சாமி புண்ணியம்.

இப்ப ஆபீஸ்ல, லைனைச் சுத்தி சோலார் வேலி போட்டுத் தர்றோம், பராமரிப்பை லைன் ஆளுங்களே பாத்துக்கணும்னு சொல்றாங்களாம். வாட்ஸப் குரூப்புல ரெண்டு கட்சியா அடிச்சுக்கிறாங்க. எனக்கு என்ன குழப்பம்னா, எங்க ஊர்ல ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கே. நான் ஸ்கூல் படிக்கும்போது லோக்கல் கேபிள்ல படம் ஓடுறப்ப கீழ எழுத்து ஓடும், இன்ன எஸ்டேட் இன்ன ஃபீல்டுல யானை நிக்குதுன்னு. அப்புறம் 2011 வாக்குல எஸ்எம்எஸ். அதோட சேத்து மேட்டுல சிவப்பு லைட்டு. யானை பக்கத்துல இருந்தா லைட்டு விட்டு விட்டு எரியும், எரிஞ்சா யாரும் அந்தப் பாதையில இறங்க மாட்டோம். அதுல ஒழுங்கா ஓடிட்டிருந்த ஊருக்கு இப்ப வேலி எதுக்கு? நாங்க வேலி போட்டா அந்த ஆறும் அடுத்த லைனுக்குத்தானே போகும்?

தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்.

ஆனைமலை_தோப்புக்காரர் | வியாழன் இரவு 10:15

ஏனுங்க தம்பி, வேலி தர்றேன்னு கம்பெனி தானா வந்து சொல்லுது, அதைப் போய் வேண்டாங்கறீங்க. நாங்க மலையடிவாரத்துல தென்னை வெச்சிருக்கறவங்க. எங்களுக்கு லைட்டும் இல்ல, மெசேஜும் இல்ல. காலைல எந்திரிச்சுப் போனா குருத்தை உரிச்சுத் தின்ன தென்னம்பிள்ளைதான் நமக்கு மெசேஜு.

2023ல அந்த மக்னாவை, தந்தமில்லாத ஆண் யானையை, மறந்திருக்க மாட்டீங்க. தர்மபுரில புடிச்சு டாப்சிலிப்புல விட்டாங்க. அது என்னமோ வழி தெரிஞ்ச மாதிரி கோயமுத்தூர் பேரூர் வரைக்கும் நடந்துபோயிருச்சு. மறுபடி புடிச்சு மானாம்பள்ளியில விட்டாங்க. அங்கிருந்து இறங்கி எங்க சரளபதி பக்கம் வந்து மாசக்கணக்கா தோப்புத் தோப்பா மேஞ்சுது. கடசியா ஜூலை முடிவுல புடிச்சு எங்க கொண்டுபோயி விட்டாங்க? உங்க வால்பாறை சின்னக்கல்லாருக்குத்தான். ஆக கீழ இருக்கறவனுக்குத் தொந்தரவுன்னா மேல, மேல இருக்கறவனுக்குத் தொந்தரவுன்னா கீழ. நடுவால வேலி இருக்கறவன் தப்பிச்சுக்கறான். அவ்வளவுதானுங்க விசயம்.

காடு_முதலில் | வியாழன் இரவு 10:58

நண்பரின் கஷ்டம் புரிகிறது. ஆனால் அடிப்படையை யாரும் பேசவில்லை. வால்பாறை என்பது சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். 1890களில் வெள்ளைக்காரர்கள் கோடாலியோடு ஏறும்வரை அது முழுவதும் மழைக்காடு. இன்றும் ஒரு பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால். நடுவில் டீயும் காபியும். யானை ஊருக்குள் வரவில்லை, யானை வீட்டுக்குள் ஊர் வந்திருக்கிறது. எஸ்டேட்டுகளை மூடிவிட்டுக் காட்டைக் காட்டிடமே கொடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. லைட்டும் வேலியும் ஒட்டுப்போடும் வேலை.

கவாத்துக்கத்தி | வியாழன் இரவு 11:06

வந்துட்டாருய்யா. அந்த "யானை வீட்டுக்குள் ஊர்" டயலாக்கை இந்த வருஷம் எத்தனாவது தடவை கேக்குறேன்னு தெரியல. சார் காலைல குடிச்ச டீ எந்த மரத்துல காய்ச்சதுன்னும் சொல்லிட்டுப் போங்க.

தாமிரபரணிக்கரை | வெள்ளி காலை 6:30

எஸ்டேட்டை மூடுறதுன்னா என்னன்னு எங்க பக்கத்துல பாத்துட்டோம். மாஞ்சோலை 1929ல சிங்கம்பட்டி ஜமீன் குடுத்த 99 வருசக் குத்தகை நிலம், எட்டாயிரத்து முந்நூத்திச் சொச்சம் ஏக்கர். 2028ல குத்தகை முடியணும். 2018லயே காப்புக்காடுன்னு அறிவிச்சாச்சு. 2024 ஜூன்ல தொழிலாளிக்கு விருப்ப ஓய்வுப் படிவம் வந்துட்டு. நாலு தலைமுறையா அங்கயே பொறந்து அங்கயே செத்தவங்க. கீழ ஒரு செண்டு நிலம் கிடையாது. 1999ல கூலிக்காகத் திருநெல்வேலிக்குப் பேரணி போயி 17 பேரு ஆத்துல பொணமானாங்க, அந்தச் சனங்க இவங்க. காடு காட்டுக்கே போவணும்ங்கிறது சரிதான், நான் மறுக்கல. ஆனா இறங்கி வர்றவனுக்கு எங்க வீடுன்னு எழுதாம அந்த ஒரு வரியை மட்டும் எழுதுதது ரொம்பச் சுலபம்.

இன்னொண்ணு பாத்துக்கோங்க. கேரளா சின்னக்கானல் அரிக்கொம்பன் யானை இருக்குல்லா, 2023 ஏப்ரல்ல புடிச்சுப் பெரியாறுல விட்டாவ. மே மாசம் கம்பம் டவுனுக்குள்ள ஓடுச்சு. ஜூன்ல புடிச்சு எங்க களக்காடு முண்டந்துறைக் காட்டுல விட்டாவ. செப்டம்பர்ல நாலுமுக்கு டீத்தோட்டத்துக்கு வந்து நின்னுச்சு. தோப்புக்காரர் சொன்ன மக்னா கதையேதான்.

பழைய_ஃபீல்டு_ஆபீசர் | வெள்ளி காலை 11:20

ஆனைமலை எஸ்டேட்டுகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யானை நம் எஸ்டேட்டில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். டீ இலையை அது தின்பதில்லை. டீ ஃபீல்டு அதற்கு நடைபாதை. பகலில் மீந்திருக்கும் சோலைத் துண்டுகளிலும், நடு ஆறு, சோலையாறு ஓரத்து மரங்களுக்கு உள்ளேயும் நிற்கும். பொழுது சாய்ந்தால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நடக்கும். நூற்றுச் சொச்சம் யானைகள் வருடத்தில் ஏதாவது ஒரு சமயம் இந்த மேட்டைத் தொட்டுப் போகின்றன. சுமார் 70,000 பேர் அதே மேட்டில் இருக்கிறோம். வழியில் அரிசி வாசனை வந்தால் எட்டிப் பார்க்கும். ரேஷன் கடை, சத்துணவுக்கூடம், பிள்ளைமடுவம் (கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), இந்த மூன்றுதான் அதிகம் அடிவாங்கும். பிறகு பின்பக்க அடுப்படி.

2002 வாக்கில் என்சிஎஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள், ஆனந்தகுமாரும் கூட இருந்தவர்களும், யானை பின்னாலேயே நடந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. யானையை விரட்ட வழி சொல்லாமல் அது எங்கே தூங்குகிறது என்று எழுதுகிறார்களே என்று. ஆனால் சாவுகளை ஒவ்வொன்றாக விசாரித்தபோது தெரியவந்தது, செத்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே யானை நிற்பதே தெரியாது. கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் குறுக்குவழியில் நடந்தவர்கள்தான் அதிகம். சண்டைக்குப் போய்ச் செத்தவன் யாருமில்லை, திடீரென்று எதிரில் மாட்டியவன்தான். ஆகவே செய்ய வேண்டியது யானையை நகர்த்துவது அல்ல, தகவலை நகர்த்துவது. கேபிள் டிவி, எஸ்எம்எஸ், சிவப்பு லைட்டு எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. 2015ல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தபோது வால்பாறை பஜாரில் நிறையப் பேருக்கு அது என்ன விருது என்று தெரியாது. எந்த ஆனந்தகுமார் என்று தெரியும். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

லைட்டு எப்படி எரிகிறது என்று வெளியூர்க்காரர்களுக்காக: கம்பத்தில் ஒரு பெட்டி, உள்ளே சிம் கார்டு. குறித்து வைத்த சில நம்பர்களிலிருந்து மிஸ்டு கால் போனால் லைட்டு எரியும். அந்த நம்பர்கள் ஃபாரஸ்ட் ஆபீசிலோ கம்பெனியிலோ இருப்பவர்களுடையது அல்ல. அந்த லைனில் குடியிருக்கும் வாட்ச்மேன், டிரைவர், சூப்பர்வைசர். யானையைப் பார்த்தவன் அவரிடம் சொல்வான், அவர் அழைப்பு கொடுப்பார். பெட்டி விலை பெரிதல்ல. பார்த்தவன் சொல்கிறானா, கேட்டவன் நம்புகிறானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேலி பற்றி. என் காலத்தில் ஒரு டிவிஷனில் போட்டோம். முதல் வருடம் நன்றாக இருந்தது. சின்னக்கல்லார் மழை தெரியுமல்லவா, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடுவதே இல்லை. புல்லும் உண்ணிச்செடியும் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். வெட்ட ஆள் போடவில்லை. யானைக்கும் தந்தத்தில் ஷாக் அடிக்காது என்று தெரிந்துவிட்டது. கொம்பன் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும், கூட்டம் கீழே போகும். மூன்றாம் வருடம் துணி காயப்போடத்தான் உதவியது.

தம்பிக்கு ஒரே கேள்வி. யானை உடைத்த அந்தக் கடைசி வீட்டிலிருந்து சிவப்பு லைட்டு தெரியுமா? அன்று ராத்திரி எரிந்ததா?

நடுமலை_பையன் | வெள்ளி மதியம் 1:05

ஐயா, இதை நான் கேக்கவே இல்ல. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்.

ஓசூர்_கேழ்வரகு | வெள்ளி மதியம் 2:40

டீயை யானை தின்னாது. அங்கதான் உங்க கதையும் என் கதையும் பிரியுது. உங்களுக்கு அது வழிப்போக்கன், எனக்கு அது அறுவடைக்கு வர்ற பங்காளி. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் வந்து பாருங்க. ராகி கதிர் பால் பிடிச்சதும் கூட்டம் கூட்டமா இறங்கும். பரண் மேல ராத்திரி பூரா தகர டப்பாவோட உக்காந்திருப்போம். எனக்கு லைட்டு எரிஞ்சு என்ன பிரயோஜனம்? வருதுன்னு தெரிஞ்சா நான் வீட்டுக்குள்ள உக்காந்துக்கலாம், ராகி எங்க போய் உக்காரும்?

வேடந்தாங்கல்ல ஊர்க்காரங்களே பறவையைக் காப்பாத்துறாங்கன்னு பல பேர் பெருமையா எழுதுறாங்க. அங்க எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம். பறவை வாடகை குடுத்துத்தான் குடியிருக்கு. யானை எனக்கு என்ன குடுக்குது? கோபத்துல கேக்கல, நிஜமாவே கேக்குறேன்.

மாரண்டஹள்ளி பக்கம் 2023 மார்ச்சுல மூணு யானை கரண்டுல செத்துக் கிடந்ததும் ரெண்டு குட்டி அதைச் சுத்தி நின்னதும் எல்லா டிவியிலயும் வந்துச்சு. அது சோலார் வேலி இல்ல, மெயின் லைன்ல இருந்து நேரா இழுத்த கம்பி. செஞ்சது தப்பு, ஜெயிலுக்குப் போனார். அதைப் பாத்து அழுதவங்கள்ல நானும் ஒருத்தன். அதே வாரம் பரண்ல உக்காந்து தூங்காம இருந்தவனும் நான்தான்.

காடு_முதலில் | வெள்ளி மாலை 5:12

நேற்று நான் எழுதியது கொஞ்சம் அவசரம்தான், தாமிரபரணிக்கரை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேழ்வரகு அண்ணனின் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. காடு இருந்தால்தான் காவிரியில் தண்ணீர்...

ஓசூர்_கேழ்வரகு | வெள்ளி மாலை 5:20

தண்ணி தஞ்சாவூருக்குப் போகுது தம்பி. காவல் நான் காக்குறேன்.

படுவான்கரை_வயல் | வெள்ளி இரவு 8:03

மட்டக்களப்பிலயிருந்து எழுதுறன். ஓசூர் அண்ணன்ட கதையைக் கேட்டா எங்கட படுவான்கரைக் கதை மாதிரியே கிடக்குது. வாவிக்கு அங்கால வயல், அதுக்கங்கால காடு. வேளாண்மை வெட்டுற நேரம் யானையும் வந்திடும். யானை வெடி குடுப்பாங்க, போட்டுப் போட்டு யானைக்கும் பழகிட்டு. இலங்கையில 2023ல மட்டும் நானூறுக்கு மேல யானை செத்தது, ஆக்களும் நூற்றுக்கு மேல. துவக்குச்சூடு, கரண்ட், ஹக்கபட்டாஸ் எண்டு சாப்பாட்டுக்குள்ள வச்ச வெடி. சொல்ல வெக்கமா இருக்கு.

ஆனா வேலி விசயத்தில எங்கட நாட்டில ஒரு நல்ல பாடம் கிடக்குது. கனகாலமா அரசாங்கம் காட்டு எல்லையில, யானையை உள்ளுக்க வச்சு வேலி போட்டது. வேலிக்கு ரெண்டு பக்கமும் காடும் யானையும் இருந்தா அந்த வேலி யாருக்கு? பராமரிக்கிறதும் உத்தியோகத்தர்தான், ஊராக்களுக்கு அது யார்டயோ வேலி. பிறகு கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர்ட ஆக்களும் கல்கமுவப் பக்கம் மாத்திச் செய்து பாத்தாங்க. யானையைச் சுத்தி இல்ல, ஊரைச் சுத்தி வேலி. வயலைச் சுத்தி வேறயா ஒரு வேலி, அது பயிர் நிக்கிற காலத்துக்கு மட்டும். வெட்டி முடிஞ்சதும் கம்பியையும் கட்டையையும் கழட்டி வீட்டில வச்சிடுவாங்க. யானை வந்து வைக்கோல் தட்டையைத் திண்டிட்டுப் போகும். முக்கியம் என்னெண்டா, கம்பிக்குக் கீழ புல்லு வெட்டுறது ஊராக்கள். காசிலயும் ஒரு பங்கு அவங்கட. தன்ர வயல் வேலியில புல்லு முட்டினா ஒருத்தனும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டான்தானே.

அதால தம்பி, வேலி கூடாது எண்டு ஒரேயடியாச் சொல்லாதீங்க. எதைச் சுத்தி, யார்ட வேலி, எப்ப கழட்டுறது, இதைக் கேளுங்க.

மழைப்பாடி_டீச்சர் | சனி காலை 7:15

நான் ஒரு எஸ்டேட் பள்ளியில ஆசிரியை. ஒரு விஷயம் யாரும் தொடல. என் வகுப்புல பாதிக்கு மேல ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள். நம்ம ஆளுங்க திருப்பூர் போயாச்சு, கொழுந்து எடுக்கிறது அவங்கதான். எஸ்எம்எஸ் வர்றது தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். அந்தப் பிள்ளைகளோட அம்மாக்கள் பல பேருக்கு ரெண்டும் வாசிக்க வராது. சிவப்பு லைட்டு மட்டும்தான் எல்லாருக்கும் புரியுற பாஷை. அதுகூட சும்மா இல்ல. போன வருஷம் புதுசா வந்த ஒரு குடும்பம் அதைக் கோயில் லைட்டுன்னு நினைச்சுக் கும்பிட்டுட்டு அந்தப் பாதையிலயே நடந்து போனாங்க. பக்கத்து வீட்டு மேஸ்திரி ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிட்டு வந்தார்.

பிள்ளைகளை வெச்சு ஒரு பாட்டு மாதிரி கட்டினோம், இந்தியிலயும் ஜார்க்கண்ட் பக்கத்து சாத்ரி பாஷையிலயும். லால் பத்தி, அதாவது சிவப்பு லைட்டுன்னு ஆரம்பிக்கும். வீட்டுக்குப் போய்ப் பாடும்னு நம்பித்தான்.

இருவாச்சிக்கூடு | சனி காலை 9:48

நான் வேட்டைத் தடுப்புக் காவலர். காடர் பழங்குடிச் சமூகம். ரேஞ்ச் பேர் சொல்லல.

யானையைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க, யானை எதனால மிரளுதுன்னு பேசல. எஸ்டேட்ல யானை தெரிஞ்சா ஐம்பது பேர் மேட்டுல நின்னு கத்துவாங்க, பட்டாசு போடுவாங்க, போன்ல வீடியோ எடுப்பாங்க. ஒரு லைன்ல இருந்து விரட்டினா அது வழி மாறி அடுத்த லைன் நடுவுல போய் விழும். கூட்டத்துல குட்டி இருந்தா பெரியம்மா யானை முதல்ல குட்டியைத்தான் பாக்கும், வழியைப் பாக்காது. அந்த நேரம் எதிர்ல இருக்கிறவன் தப்பிக்க முடியாது. பேசாம விட்டா ராத்திரிக்குள்ள ஆத்தோரம் போயிடும். எங்க தாத்தா காலத்துல விலகி நில்லுன்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு இப்ப சிவப்பு லைட்டு வந்திருக்கு, சந்தோஷம்.

ஊர் மக்களோட சேர்ந்து பாதுகாப்புன்னு சொல்றாங்க. கேரளா பக்கம் வாழச்சால்ல எங்க காடர்கள்தான் இருவாச்சிப் பறவைக் கூட்டுக்குக் காவல். முன்னாடி குஞ்சு எடுக்கத் தெரிஞ்ச அதே கண்ணுதான் இப்ப கூடு எந்த மரத்துலன்னு கணக்கு வைக்குது. 2014ல அங்க ஒன்பது ஊருக்குச் சமூக வன உரிமை கிடைச்சுது. இந்தப் பக்கம் 2019 மழையில எங்க காடர் குடியிருப்பு கல்லார்குடியில மண்ணு சரிஞ்சப்ப, தெப்பக்குளமேட்டுல ஒதுங்கக் கொஞ்சம் நிலம் கேட்டதுக்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு. காட்டை அறிஞ்சவன்னு மேடையில சொல்றதுக்கும் அவன் நிக்கிற நிலம் அவன் பேர்ல இருக்கிறதுக்கும் நடுவுல இவ்வளவு தூரம்.

நடுமலைத் தம்பி, உங்க லைனுக்குக் கீழ ஓடை இருக்கா? வேலி அந்த ஓடையைக் குறுக்க வெட்டினா கண்டிப்பா வேண்டாம்.

பழைய_ஃபீல்டு_ஆபீசர் | சனி காலை 10:30

இருவாச்சிக்கூடு சொல்வது நூற்றுக்கு நூறு. ஓடையோரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. 2000 தொடக்கத்தில் திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் எங்கள் எஸ்டேட்டுக்குள் இருந்த பாழான சோலைத் துண்டைக் கேட்டு வந்தார்கள். விற்கச் சொல்லவில்லை, விட்டுவிடச் சொல்லவில்லை. நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், நாங்கள் உள்ளூர் மரம் நடுகிறோம், நீங்கள் வெட்டாமல் இருங்கள் என்றார்கள், அவ்வளவுதான். கருங்குங்கிலியம், நாங்கு, ஆயினி என்று நர்சரியில் பையில் வளர்த்து நட்டார்கள். முதலில் உண்ணிச்செடியைப் பிடுங்க வேண்டும். அதைவிடக் கொடுமை, நாங்கள் வளர்த்த ரொபஸ்டா காபியே சோலைக்குள் களையாகப் பரவியிருந்தது. புதுத்தோட்டத்தில் சோலைமந்தி ரோட்டைக் கடக்கப் பழைய தீயணைப்புக் குழாயில் தொங்குபாலம் கட்டியதும் அதே ஆட்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று போர்டு மீட்டிங்கில் கேட்டார்கள். நானே ஒரு பதில் தயாரித்தேன்: டீ நட லாயக்கில்லாத சரிவு, எப்படியும் சும்மா கிடக்கிறது, சான்றிதழ் வாங்க உதவும். உண்மையான காரணம் அதுவல்ல. ஆனால் போர்டுக்கு அந்தப் பதில்தான் செல்லும். கேழ்வரகு ஐயாவின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எஸ்டேட்டால் நாலு ஏக்கரை விட முடியும். இரண்டு ஏக்கர் ராகிக்காரர் எதை விடுவார்?

நடுமலை_பையன் | சனி இரவு 10:10

எல்லாருக்கும் நன்றி. ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சுது. கொஞ்சம் அசிங்கமான பதில்.

லைட்டு அன்னைக்கு எரியல. எரிஞ்சிருந்தாலும் கடைசி வீட்டுக்குத் தெரிஞ்சிருக்காது, நடுவுல இருக்கிற சில்வர் ஓக் மூணு வருஷமா கிளை கழிக்கல, மறைச்சிட்டு நிக்குது. சரி, ஏன் எரியலன்னு கேட்டேன். எங்க லைட்டுக்கு மூணு நம்பர். ஒண்ணு வாட்ச்மேன் அண்ணன், வேலையை விட்டுட்டு உடுமலை போயிட்டார். ஒண்ணு டிரைவர், அவர் சிம் மாத்திட்டார், யாருக்கும் சொல்லல. மூணாவது நம்பர் யாருதுன்னு அம்மாகிட்ட கேட்டா, கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "உங்கப்பாவுதுதான்டா"ங்கிறாங்க.

அப்பா கண் ஆபரேஷனுக்கு வந்து மூணு மாசமா திருப்பூர்ல என்கூடத்தான் இருக்கார். அந்த போன் என் டிவி மேலதான் இருக்கு. யானை வந்த அன்னைக்கு ராத்திரி அந்த போனுக்கு நாலு மிஸ்டு கால். நைட்ல சைலண்ட்ல போட்டது நான்தான்.

அப்பாகிட்ட சொன்னேன். போனை வாங்கி, இங்க இருந்தே அந்த லைட்டுப் பெட்டி நம்பருக்கு அடிச்சார். அம்மாவுக்குப் போன் போட்டு "எரியுதா பாரு"ன்னார். எரியுதாம். திருப்பூர்ல உக்காந்துட்டு வால்பாறையில லைட்டு போடலாம்னு அப்பதான் எனக்கே தெரியும். சும்மா எரிஞ்சதுல லைன் பூரா கதவைச் சாத்திடுச்சு, அப்புறம் அம்மா வீடு வீடாப் போய்ச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

கவாத்துக்கத்தி | சனி இரவு 10:31

சிரிக்கவா அழவான்னு தெரியல தம்பி. அந்தச் சில்வர் ஓக்கை வெட்டுறதுக்கு நான் வர்றேன்.

நடுமலை_பையன் | திங்கள் இரவு 9:15

மீட்டிங் முடிஞ்சுது. நானும் அப்பாவும் சனி ராத்திரியே பஸ் ஏறிட்டோம், நாப்பது கொண்டை ஊசி வளைவும் அப்பா ஒத்தைக் கண்ணோட எண்ணிட்டே வந்தார்.

நடந்ததைச் சொல்லிடுறேன். லைனைச் சுத்தி முழு வேலி வேண்டாம்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கிட்டாங்க. ஓடைக்கு இறங்குற வழி அதுல அடைபடும், இருவாச்சிக்கூடு அண்ணன் சொன்னதை அப்படியே படிச்சுக் காட்டினேன். ஆனா ரேஷன் கடை, பிள்ளைமடுவம் ரெண்டையும் மட்டும் சுத்தி சின்னதா வேலி போடச் சொல்லிக் கேட்டிருக்கோம், படுவான்கரை அண்ணன் சொன்ன மாதிரி. கடைசி வீட்டு அக்கா ஒத்துக்கல. "ரேஷன் கடைக்கு வேலி, எனக்கு லைட்டா?"ன்னு கேட்டாங்க. யாரும் வாயைத் திறக்கல. அவங்களுக்கு நடு வரிசையில காலியா இருக்கிற வீட்டைத் தரச் சொல்லி ஆபீஸுக்கு எழுதிக் குடுத்திருக்கோம், என்ன சொல்வாங்கன்னு தெரியல.

சில்வர் ஓக் கிளை கழிச்சாச்சு. லைட்டு நம்பர் மூணும் மாத்தணும்னு என்சிஎஃப் ஆளுங்ககிட்ட சொன்னோம். ஒண்ணு அம்மா. ஒண்ணு மேஸ்திரி. மூணாவதுக்கு யாருன்னு பேசுறப்ப, ஜார்க்கண்ட் அக்கா ஒருத்தங்க கையைத் தூக்கினாங்க. ராஞ்சி பக்கம், வந்து நாலு வருஷம். ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, அவங்க எப்ப வேணா ஊருக்குப் போயிடுவாங்கன்னு. அப்பாதான் சொன்னார், "நாம மட்டும் போகாமயா இருந்தோம்"னு. அவங்க நம்பர்தான் போட்டிருக்கு.

மழைப்பாடி_டீச்சர் | திங்கள் இரவு 9:40

அந்த அக்காவோட பையன் என் மூணாம் வகுப்பு. பாட்டு போய்ச் சேர்ந்துடுச்சு போல.

ஓசூர்_கேழ்வரகு | திங்கள் இரவு 9:52

நல்லது. எனக்கு அந்தக் கழட்டுற வேலி பத்தி இன்னும் விவரம் வேணும், படுவான்கரை அண்ணா. ராகி நாலு மாசப் பயிர். கட்டை எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணு, ஒரு மெஷின் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும், பக்கத்து நிலத்துக்காரன் சேரலன்னா என்ன பண்றது? கடைசிக் கேள்விதான் முக்கியம். என் பக்கத்து நிலம் என் தம்பியோடது, நாங்க பேசி ஆறு வருஷம் ஆச்சு.

படுவான்கரை_வயல் | திங்கள் இரவு 10:20

தனியா இழை ஒண்டு தொடங்குங்க, தெரிஞ்சதைச் சொல்றன். ஆனா தம்பியோட நீங்கதான் கதைக்க வேணும் அண்ணன், அதுக்கு வேலிக்காரர் ஒண்டும் செய்ய ஏலாது.

பழைய_ஃபீல்டு_ஆபீசர் | செவ்வாய் காலை 6:05

நடுமலைத் தம்பி, ரேஷன் கடை வேலிக்குக் கீழே புல் வெட்டுவது யார் என்று எழுதவில்லையே?

நடுமலை_பையன் | செவ்வாய் காலை 6:50

அதுதான் ஐயா இன்னும் முடிவாகல. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி கூடுறாங்க. நான் இப்ப கீழ இறங்கிட்டிருக்கேன், ஒன்பதாவது வளைவுல டவர் கிடைச்சுது. அப்பா வரல, மேலயே இருந்துக்கிறேன்னுட்டார்.